அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் வடமேற்கு லண்டனில் இருக்கிறேன். அம்மாவுக்கு 79 வயது, என்னோடுதான் இருக்கிறார். பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு ஞாபகமும் கொஞ்சம் தப்புகிறது. உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து சோஷல் வேர்க்கர் வந்து, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அம்மாவிடம் கேள்விகள் கேட்டார். போகும்போது தனியுரிமை அறிவிப்பு என்று நாலு பக்கத் தாளும், கையெழுத்து வைக்க ஒரு படிவமும் தந்தார். எங்கள் விவரங்களை ஜி.பி. (குடும்ப டொக்டர்), ஆஸ்பத்திரி, வீட்டுக்குக் கெயரரை (பராமரிக்கும் ஆளை) அனுப்பும் கம்பனி, இன்னும் பலரோடு பகிரலாம் என்று அதில் இருக்கிறது. "அரசாங்கத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்காதே, 83-ல் பட்ட பாடு போதும்" என்கிறார் அம்மா. கையெழுத்துப் போடாவிட்டால் உதவி நின்றுவிடுமா? பிறகு வந்த அறிக்கையில் "மகளே எல்லாவற்றையும் கவனிக்கிறார், தொடர்ந்து செய்ய விரும்புகிறார்" என்று எழுதியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை, முழுநேர வேலைக்குப் போகிறவள். வரப்போகும் கெயரர் எங்கள் கோயிலுக்கு வருகிற ஆள் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக் கதை ஊர்க் கதை ஆகிவிடுமோ என்று பயம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா கவுன்சிலுக்குப் போன் எடுத்து விவரம் கேட்டாராம், தர மறுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கு விவரமும் கேட்கிறார்கள். அடுத்த செவ்வாய் மறுபடி வருகிறார்கள். என்ன செய்ய?

பதில்:

தங்கச்சி, நீங்கள் முதலில் கேட்டது கையெழுத்தைப் பற்றி. எனக்கு உறுத்தியது நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த வரி: "தொடர்ந்து செய்ய விரும்புகிறார்." லண்டனில் பல வருடம் கவுன்சில் முதியோர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்ததால் கெட்டுப்போன குடும்பம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கோப்பில் தவறாக விழுந்த ஒரு வரியால் கிடைக்க வேண்டிய உதவியைப் பாதியாக இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அம்மாவின் பயத்தில் இருந்தே தொடங்குகிறேன். அதற்கு ஒரு பதில் இல்லாமல் செவ்வாய்க்கிழமை அவர் வாயே திறக்க மாட்டார்.

அம்மா சொல்வதைப் பழைய ஆக்களின் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எது தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வாக்குப் போடக் கொடுத்த பெயர், வீட்டைக் கொளுத்த உதவியது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நோக்க வரம்பு என்று ஒரு கொள்கை உண்டு: ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை அதோடு பொருந்தாத வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது. பயிற்சி வகுப்பில் இதை விளக்கியபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பட்டியல்தான். அம்மாவுக்கு இந்தப் பாடம் வகுப்புக்குப் போகாமலே தெரியும். அதனால் "இங்கே அப்படியெல்லாம் நடக்காது அம்மா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள், யாருக்குக் காட்ட மாட்டார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தால் பாதிப் பயம் போகும்.

சரி, கையெழுத்து. தகவலைப் பதியவும் பயன்படுத்தவும் கவுன்சில் பெரும்பாலும் உங்கள் சம்மதத்தை நம்பி இருப்பதில்லை. ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்பு விதிப்படி சம்மதம் என்றால் அது சுதந்திரமாகத் தரப்பட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். குளிக்க ஆள் வேண்டும் என்று காத்திருக்கும் 79 வயது அம்மாவிடம் "சம்மதமா?" என்று கேட்டால் அதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது? அதனால் கவுன்சில் வேறு இரண்டு காரணங்களில் நிற்கிறது: சட்டக் கடமை, பொதுப் பணி. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, உதவி தேவைப்படலாம் என்று தோன்றுகிற எந்தப் பெரியவரையும் கவுன்சில் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும், செய்ததை எழுதி வைத்தே ஆக வேண்டும். உடல்நலம், இனம், மதம் போன்றவை சட்டத்தில் தனிப் பாதுகாப்புள்ள தகவல்கள். அவற்றைக் கையாளவும் சுகாதார, சமூகப் பராமரிப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

ஆக, கையெழுத்துப் போடாவிட்டால் உதவி நிற்காது. அதேபோல, போடாததால் பெயர் கணினியில் ஏறாமலும் இருக்காது. அம்மா உண்மையிலேயே எதுவும் பதியப்படக் கூடாது என்று நினைத்தால், புத்தி தெளிவாக இருக்கும்வரை மதிப்பீட்டையே மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மதிப்பீடும் வேண்டும், பதிவும் கூடாது என்றால் அதற்கு வழி இல்லை.

படிவத்தை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் "இந்த அறிவிப்பை வாசித்தேன், புரிந்துகொண்டேன்" என்று இருக்கும். அது கடிதம் கிடைத்தது என்று தபால்காரரிடம் வைக்கும் கையெழுத்து மாதிரி, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும்: குடும்பத்தில் யாரிடம் பேசலாம், தொண்டு நிறுவனங்களுக்குப் பெயர் கொடுக்கலாமா, தீயணைப்புப் படையினர் வீட்டைப் பார்க்க வரலாமா என்று. அம்மாவின் விருப்பம் நிஜமாகவே கேட்கப்படுவது அந்தப் பெட்டிகளில்தான். ரகசியம் காக்கும் கடமை என்பது ஜி.டி.பி.ஆருக்கும் முந்திய பழைய ஆங்கிலப் பொதுச் சட்டக் கடமை, அது கவுன்சிலையும் கட்டும். ஒவ்வொரு பெட்டியாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, வேண்டாததை வேண்டாம் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு மனம் மாறினால் மாற்றலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு: யாராவது அம்மாவை அடிக்கிறார், பணத்தை எடுக்கிறார், பட்டினி போடுகிறார் என்று சந்தேகம் வந்தால் பராமரிப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி கவுன்சில் விசாரிக்க வேண்டும். அப்போது சம்மதம் இல்லாமலே பொலிசிடமும் டொக்டரிடமும் பேசும் நிலை வரலாம்.

அம்மாவின் விவரங்கள் நடைமுறையில் எங்கே போகும்? ஜி.பி., மாவட்டத் தாதி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும் குழு, குளியலறைக்குக் கைப்பிடி போட வரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்), கெயரர் கம்பனி. 2015-ல் வந்த ஒரு சட்டம், சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போது என்.எச்.எஸ். (அரசுச் சுகாதாரச் சேவை) எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நம் ஆக்களுக்கு இது பெரிய உதவி. அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ குடும்பப் பெயரான இடத்தில், ஒரே அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் ஜி.பி.யில் இன்னொரு பெயரிலும் இருப்பார். அவர் பெயரை முன்னால் போட்டு ஒரு கோப்பு, பின்னால் போட்டு ஒரு கோப்பு. நான் வேலை செய்த ஒரு இடத்தில், ஒரே தெருவில் இருந்த இரண்டு தமிழ் அம்மாக்களின் பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், ஒருவரின் மதிப்பீட்டு அறிக்கை மற்றவரின் கதவுக்குள் விழுந்தது. சிறுநீர் அடக்க முடியாததில் இருந்து மகனோடு உள்ள மனத்தாங்கல் வரை எல்லாம் அதில் இருந்தது. அது தரவு மீறல். ஆளுக்குப் பாதிப்பு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், பாதிப்பு பெரியது என்றால் அந்த ஆளுக்கும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனது நான்தான். "பரவாயில்லை பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக, அம்மாவின் பெயர், பிறந்த தேதி, என்.எச்.எஸ். எண் மூன்றும் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று சோஷல் வேர்க்கரின் கணினித் திரையைப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

கணினியே ஆபத்து இல்லையா என்று கேட்டால், உண்டு. மறைக்க மாட்டேன். 2020 அக்டோபரில் லண்டனின் ஹாக்னி கவுன்சிலின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 4,40,000 கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். குறைந்தது 2,80,000 பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. இனம், மதம், உடல்நலம் எல்லாம் அதில் அடக்கம். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருந்தது. 2024 ஜூலையில் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் கவுன்சிலைக் கண்டித்தது, அபராதம் போடவில்லை. அம்மா கேட்டால் இதையும் சொல்லுங்கள். ஆனால் இந்த ஆபத்தைக் கையெழுத்து மறுத்துத் தடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, அந்த வரி.

நடந்திருக்கக் கூடியது எனக்குக் கண்ணுக்கு முன் தெரிகிறது. போனில் ஒரு குரல், "உங்களுக்குக் குளிக்க, உடுப்பு மாற்ற யார் உதவி?" என்று கேட்கிறது. அம்மா, முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் எந்த யாழ்ப்பாணத்து அம்மாவும் சொல்லும் பதிலைச் சொல்லியிருப்பார்: "மகள் என்னோடதானே நிக்கிறா, எல்லாம் அவ பார்ப்பா, ஒரு குறையும் இல்லை." அது மானம். மகளை விட்டுக்கொடுக்காத பேச்சு. இரவில் மூன்று தரம் எழும்பி மகளைக் கூப்பிடுவதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் எந்த அம்மா சொல்வார்? மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருப்பார். அவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் "நிக்கிறா" என்பதற்கே ஒரு கணம் தடுமாறியிருப்பார், மகள் நின்றுகொண்டிருக்கிறாளா, குடியிருக்கிறாளா என்று. சோஷல் வேர்க்கர் தட்டெழுதியது: மகள் எல்லாவற்றையும் கவனிக்கிறார், தொடர்ந்து செய்ய விரும்புகிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கோப்பில் இருப்பது பொய்.

இது ஏன் பெரிய விஷயம்? தகுதி பார்க்கும்போது சட்டம் பத்து விஷயங்களைப் பார்க்கிறது: சாப்பாடு, சுத்தம், கழிப்பறை, உடுப்பு, வீட்டுக்குள் பாதுகாப்பு, உறவுகள், இப்படி. அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ முடியாமல் போய், அது வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால் தகுதி உண்டு. அந்த இடத்தில் நீங்கள் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்கக் கூடாது, மகளே இல்லை என்பதுபோலப் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த கட்டத்தில், பராமரிப்புத் திட்டம் போடும்போது, மகள் ஏற்கெனவே செய்கிற தேவைகளைக் கவுன்சில் நிறைவேற்ற வேண்டிய கடமை இல்லை. "தொடர்ந்து செய்ய விரும்புகிறார்" என்ற சொல் அந்தக் கழித்தல் கணக்கில்தான் போய் உட்காரும். காலையில் கெயரர், மதியம் கெயரர், இரவில் மகள், சனி ஞாயிறு மகள் என்று திட்டம் வரும். நீங்கள் வேலையை விட வேண்டி வரும்வரை அந்த வரி அங்கேயே இருக்கும். அடுத்து வருகிற சோஷல் வேர்க்கர் பழைய அறிக்கையில் இருந்து அதை ஒட்டி எடுத்துக்கொள்வார். ஒட்டி எடுப்பது எங்கள் தொழிலின் பெரிய வியாதி. நானும் செய்திருக்கிறேன்.

திருத்தும் வழி இருக்கிறது. மதிப்பீட்டின் எழுத்துப் பிரதியை அம்மாவுக்குத் தர வேண்டும் என்று பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, அம்மா கேட்டால் உங்களுக்கும் தர வேண்டும். உங்கள் கையில் இருப்பது சுருக்கம் என்றால் முழுப் பிரதியைக் கேளுங்கள். பிறகு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இன்ன தேதி அறிக்கையின் இன்ன பக்கத்தில் இந்த வாக்கியம் தவறு, நான் அப்படிச் சொல்லவில்லை, என்னிடம் யாரும் கேட்கவுமில்லை, நான் வாரத்தில் இத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறேன், என்னால் செய்ய முடிந்தது இது, முடியாதது இது, தவறான தகவலைத் திருத்தும் உரிமையின்படி இதைத் திருத்துங்கள் என்று எழுதுங்கள். "தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று கெஞ்ச வேண்டாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வாக்கியம் உங்களைப் பற்றியது என்பதால் உங்கள் பெயரிலேயே கேட்கலாம். அம்மாவைப் பற்றிய வரிகளை அம்மா பெயரில் கேளுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நடந்ததைத் தவறாக எழுதியிருந்தால் திருத்துவார்கள். சோஷல் வேர்க்கரின் கருத்தை அவ்வளவு சுலபமாக அழிக்க மாட்டார்கள். "மகள் களைத்துப்போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது" என்று அவர் எழுதினால் அது அவர் கருத்து. அதற்குப் பக்கத்தில் உங்கள் மறுப்பைச் சேர்க்கச் சொல்லலாம். முழுக் கோப்பையும் அழிக்கச் சொல்வதும் நடக்காது, சட்டக் கடமைக்காக வைத்திருக்கும் பதிவுக்கு அந்த உரிமை பொருந்தாது. பராமரிப்பு முடிந்து எட்டு வருடம் வைத்திருப்பது பொதுவான வழக்கம்.

அதோடு, உங்களுக்கென்று தனியாகப் பராமரிப்பாளர் மதிப்பீடு கேளுங்கள். பராமரிப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. சம்பளம் இல்லாமல் பராமரிக்கும் உங்களைத்தான் அது குறிக்கிறது. உங்களால் முடியுமா, விருப்பமா என்று கேட்பதே அந்த மதிப்பீட்டின் வேலை. அதில் நீங்கள் சொல்வது உங்கள் கோப்பில் தனியாக இருக்க வேண்டும், அம்மாவின் கோப்பில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. "அம்மாவை நினைத்தால் சில நேரம் கோபம் வருகிறது" என்று நீங்கள் மனம் விட்டுச் சொல்வதை அம்மா வாசிக்க வேண்டிய தேவை இல்லை.

மறுபக்கமும் உண்டு. அம்மாவின் கோப்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் தகவல் அணுகல் கோரிக்கை போடலாம். இலவசம், வாயால் கேட்டாலும் செல்லும், ஒரு மாதத்தில் தர வேண்டும், சிக்கலான கோப்பு என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம். ஆனால் அந்த உரிமை அம்மாவுடையது. அவர் சொன்னால் அவருக்காக நீங்கள் கேட்கலாம். கேட்டு வாங்கும் முன் ஒன்று யோசியுங்கள்: நீங்கள் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போன ஐந்து நிமிடத்தில் அம்மா உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதும் அதில் இருக்கலாம். வேறு ஆட்கள் சொன்னது கறுப்பு மையால் மறைக்கப்பட்டு வரும், யாருக்காவது கடுமையான பாதிப்பு வரும் என்றால் அந்தப் பகுதியையே தர மாட்டார்கள்.

அண்ணாவின் விஷயம் இதோடு ஒட்டியது. கவுன்சில் மறுத்தது சரி. அண்ணா கோபப்படுவார், "நான் மூத்த மகன்" என்பார். இங்கிலாந்துச் சட்டத்தில் மூத்த மகனுக்கும் இடமில்லை, "நெக்ஸ்ட் ஒஃப் கின்" (நெருங்கிய உறவினர்) என்ற சொல்லுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அண்ணாவுக்கு இல்லாத உரிமை உங்களுக்கும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் பக்கத்தில் இருப்பதாலும் அம்மா தலையாட்டுவதாலும் உங்களோடு பேசுகிறார்கள். அம்மாவின் நினைவு இன்னும் தப்பினால் அந்தத் தலையாட்டலுக்குப் பெறுமதி குறைந்துவிடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது லாஸ்ட்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி, அம்மாவுக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம். ஊரில் அற்றோர்னித் தத்துவம் என்போமே, அதன் உறவுக்காரர். ஒரு வித்தியாசம்: சாதாரண அற்றோர்னிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறினால் செல்லாமல் போகும். இது அப்போதுதான் உண்மையில் தேவைப்படும். சொத்துக்கும் பணத்துக்கும் ஒன்று, உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் ஒன்று, இரண்டு பத்திரம். உடல்நலப் பத்திரம் அம்மாவால் முடிவெடுக்க முடியாமல் போன பிறகே நடைமுறைக்கு வரும். ஆனால் அதில் கையெழுத்து வைக்க இப்போது அவருக்குப் புரிய வேண்டும். ஞாபக மறதி இருக்கிறது என்பதால் மட்டும் புரியாது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. உங்களையும் அண்ணாவையும் சேர்த்தே நியமிக்கலாம். பதிவு செய்து வர வாரக்கணக்கில் ஆகும். இந்த மாதமே தொடங்குங்கள். விட்டுவிட்டால், மனத்திறன் இழந்தவர்களின் விஷயங்களைப் பார்க்கும் பாதுகாப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அது பணமும் காலமும் தின்னும். இப்போதைக்கு, அண்ணாவிடம் பேசலாம் என்று அம்மா ஒரு பெட்டியில் அடையாளம் வைத்தால் போதும். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். சில அம்மாக்கள் மகனுக்குச் சில விஷயம் தெரியக் கூடாது என்று நினைப்பார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.

கெயரர் விஷயத்தில் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் கோயில்களின் அன்னதான வரிசையை விட வேகமான தகவல் வலையமைப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்றால், கம்பனியும் அதன் ஊழியரும் அம்மாவின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது. அனுமதி இல்லாமல் தெரிந்தே வெளியிட்டால் 2018-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி அந்தத் தனி ஆளின் மேலேயே குற்ற வழக்கு வரலாம். கம்பனி, பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு செய்த நிறுவனம், அங்கேயும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வழக்குப் போட்டு என்ன, கதை போனது போனதுதான்.

வேறு ஆளைக் கேட்கலாம். "ஒரே சமூகத்தில் பழக்கமானவர், அம்மாவுக்குக் கூச்சம்" என்று காரணம் சொன்னால் போதும், யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். கேட்பதற்கு முன் ஒரு நிமிடம். ஞாபகம் தப்புகிறவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் படித்த மொழி முதலில் போகும், தாய்மொழி அதைவிட நீண்ட காலம் நிற்கும். அம்மாவுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் மறந்துபோகும் நாள் வரலாம். அன்றைக்கு "குளிப்பமா அம்மா?" என்று கேட்கத் தெரிந்த ஆள் கிடைப்பது பெரிய காரியம். என்னைக் கேட்டால், முடிந்தவரை தமிழ் பேசும் ஆளையே வைத்துக்கொள்வேன், ஆனால் வேறு பகுதியில் இருந்து வருகிறவரை. அது கிடைக்காவிட்டால் இதே ஆளை வைத்துக்கொண்டு, முதல் நாளே நேருக்கு நேர், "இந்த வீட்டுக் கதை கோயிலுக்கு வரக் கூடாது, தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். நம் ஆக்களிடம் அது சட்டப் பிரிவை விட நன்றாக வேலை செய்யும். கெயரர்கள் எழுதி வைக்கும் குறிப்புப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதை வரவேற்பறையில் போட்டு வைக்காதீர்கள். பல இடத்தில் இப்போது அது போனில் உள்ள செயலிக்குப் போய்விட்டது, ஆனால் புத்தகம் உள்ள வீடுகளில் வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்த ஆள் யாராவது கவுன்சிலிலேயே வேலை செய்கிறார் என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற தடம் கணினியில் இருக்கும், குறிப்பிட்டவர்கள் மட்டுமே திறக்கும்படி கோப்பைக் கட்டுப்படுத்தவும் முடியும். சமூகப் பராமரிப்பு நடத்தும் கவுன்சில்களில் கால்டிகொட் காவலர் என்று ஒரு மூத்த அதிகாரி இருப்பார். பியோனா கால்டிகொட் என்ற மனநல மருத்துவர் 1997-ல் தந்த அறிக்கையில் இருந்து வந்த பெயர் அது. தகவலை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற சிக்கல் அவரிடம் போகும். தரவுப் பாதுகாப்பு அதிகாரி இன்னொருவர், அவருடைய மின்னஞ்சல் அந்த நாலு பக்கத் தாளில் கட்டாயம் இருக்கும்.

வங்கி விவரம்: பணம் பற்றிய மதிப்பீட்டுக்காகக் கேட்கிறார்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அம்மாவுடையது. 14,250-க்குக் கீழே என்றால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். 2010-ல் இருந்து இந்த எல்லைகள் ஏறவே இல்லை. வீட்டில் வைத்துப் பராமரிக்கும்வரை குடியிருக்கும் வீட்டை எண்ண மாட்டார்கள். விவரம் தர விருப்பம் இல்லை என்றால் தர வேண்டாம், முழுச் செலவும் கட்ட முடிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். கேட்பது அம்மாவின் கணக்கு மட்டும்தான். கூட்டுக் கணக்கு என்றால் உங்கள் சம்பளமும் அதில் தெரியும், அதனால் கணக்கைப் பிரிப்பது நல்லது. சீட்டுக் காசு வந்து போகிற கணக்கு என்றால் அதை விளக்கத் தயாராக இருங்கள், இவர்களுக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது.

குடிவரவு அலுவலகத்துக்கு இதெல்லாம் போகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாசிக்கிற பலர் மனதில் அது இருக்கும். உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. விசா முடிந்து, அனுமதி இல்லாமல் தங்கியிருக்கும் ஒருவர் கவுன்சிலிடம் உதவி கேட்டால், உள்துறைக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை கவுன்சிலுக்கு உண்டு. அந்த நிலையில் உள்ளவர்கள் கவுன்சிலுக்குப் போன் எடுக்கும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

இன்னொரு பாதையும் உண்டு. 2023 ஏப்ரல் முதல், கவுன்சில்கள் தாங்கள் பராமரிக்கும் ஒவ்வொரு ஆளின் பதிவையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மத்திய அரசின் புள்ளிவிவரத்துக்காக அனுப்ப வேண்டும். ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் தன் ரகசியத் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று அம்மா என்.எச்.எஸ். மூலம் தேசிய விலகலைப் பதியலாம், ஆனால் சட்டக் கட்டாயத்தில் அனுப்புவதை அது நிறுத்தாது. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

திருத்தக் கேட்டும் திருத்தாவிட்டால், முதலில் கவுன்சிலிடமே முறைப்பாடு. பிறகு தகவல் பிரச்சினைக்குத் தகவல் ஆணையர் அலுவலகம், உதவி குறைந்ததற்கு, முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். பலர் இரண்டையும் குழப்பி ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் "இது எங்கள் வேலை இல்லை" என்று பதில் வர உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும்.

செவ்வாய்க்கு முன்: திருத்தக் கடிதத்தை நாளைக்கே அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் நேரில் வர வேண்டும், இலங்கைத் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்காதீர்கள், தான் உங்களுக்குச் சுமை என்று அம்மா உங்கள் முன்னால் சொல்ல மாட்டார். அம்மாவும் சோஷல் வேர்க்கரும் மொழிபெயர்ப்பாளரும் தனியாகப் பேச அரை மணி நேரம் கொடுத்துவிட்டு நீங்கள் கடைக்குப் போய் வாருங்கள். இரவில் அம்மா எத்தனை தரம் எழும்புகிறார், எத்தனை தரம் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று இன்று முதல் ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். அதன் பிரதியைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

கெயரர் வரத் தொடங்கினால் வாசலில் சாவிப் பெட்டி ஒன்று போடச் சொல்வார்கள், அதன் இலக்கமும் கோப்பில் ஏறும். அந்த இலக்கத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அம்மா பிறந்த வருடத்தையும் இலக்கமாக வைக்காதீர்கள், அவர் கோப்பின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது.